கொள்ளிடத்தாளின் கடைசி அத்தியாயம்

கணவர் வெள்ளைச்சாமி இறந்த பிறகு மயிலம்மாளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் குளித்துத் தலையை முடிந்ததும் தென்னூர் வீட்டின் நாலு சுவரும் சேர்ந்து அவளை வெளியே தள்ளும். ஒரு வேலையும் இல்லாமலே நடப்பாள். புத்தூர் நாலுரோடு வரை போவாள். திரும்பி வரும்போது பாதியில் மனம் மாறி மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிவிடுவாள். அதே வீட்டின் முன்பகுதியில் குடும்பத்தோடு இருந்த கொழுந்தன் வீரமலை, மரக்கடைக்குக் கிளம்பும்போதெல்லாம், "அண்ணிக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்று தன் மனைவியிடம் சொல்வார். சற்று உரக்கவே சொல்வார்.

அப்படி நடந்த ஒரு நாளில்தான், 1952-இல், நந்திகோவில் தெருவில் ஜெகபர் அலியின் அச்சகத்துக்குள் நுழைந்தாள். வாசலில் மை உலரப் பரப்பியிருந்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'திருவளர்செல்வன்' என்பதற்குப் பதில் 'திருவளர்செல்வி' என்று இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் படியேறினாள். ஜெகபர் அலி ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அம்மா, தினம் இந்தப் பக்கம் வருவீங்களா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து ஜன்னல் ஓரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும் மேஜையும் விழுந்தன. பிழை திருத்தும் வேலை. கோவில் நோட்டீசு, பள்ளிக்கூட வினாத்தாள், பால் சங்கத்து அறிக்கை. எதுவானாலும் படித்து, ஓரத்தில் குறி போட்டுக் கொடுப்பாள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். அதை ஜெகபர் அலி கண்டுகொள்வதில்லை.

இவள் யாரென்று அவருக்குத் தெரியாது. இவளும் சொல்லவில்லை.

மயிலம்மாள் பிறந்தது கொள்ளிடத்துக்கு வடகரையில், மண்ணச்சநல்லூரை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பா நெல் வியாபாரி. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதிக்கு அரிசி போட்டுவந்தார். அங்கிருந்த தலைமை ஆசிரியை விடாமல் கேட்டதால் மகளை அங்கே சேர்த்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தாள். பதினேழு வயதில் அவளுடைய முதல் பாட்டு ஒரு மாத இதழில் வந்தது.

"கமலை இழுக்குது காளை – அதன்
கண்ணில் தெரியலை நாளை;
இறைத்தநீர் எல்லாம் யார்வயல் போனதென்று
எழுந்தது கேட்பதெவ் வேளை?"

பத்தொன்பது வயதில் வெள்ளைச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டுத் தென்னூருக்கு வந்தாள். அவர் பாட்டும் கதையும் படிக்கிறவர் அல்ல. ஆனால் மனைவியின் பெயர் அச்சில் வந்த பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். பத்து வருஷத்தில் இரண்டு பாட்டுப் புத்தகம், ஒரு நாவல், இருபதுக்கும் மேல் சிறுகதை. கும்பகோணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கடிதங்கள் வந்தன. 'ஸ்ரீமதி மயிலம்மாள் அவர்கள்' என்று மேடையில் அழைத்தார்கள்.

பிறகு 1936-இல், திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த 'பொன்னிக் கதிர்' என்ற வாரப் பத்திரிகையில் 'கொள்ளிடத்தாள்' என்று ஒரு தொடர்கதை எழுதினாள். கதாநாயகி பொன்னுத்தாய், ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றுக்கு மருமகளாகப் போனவள். கணவனுக்கு அவள் ஒரு கொத்தடிமை. அறுத்த கதிரோடு கதிராகக் களத்தில் கிடப்பாள். இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில், விடியும் முன்னே தாலியை மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கி ஓடத்தில் ஏறுகிறாள். "ஓடம் கரையை விட்டது" என்று அத்தியாயம் முடியும். அந்த வாரம் வெற்றிலைக் கடைகளில் பத்திரிகை காலையிலேயே தீர்ந்துபோயிற்று. கூடவே, பத்திரிகை ஆபீசுக்கு மூட்டையாகக் கடிதமும் வந்தது. குடும்பப் பெண்களைக் கெடுக்கிற கதை, பெண்டாட்டியை எழுதவிட்ட ஆம்பிளை யார், இப்படி.

இரண்டு வாரம் கதை வரவில்லை. மூன்றாம் வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. நடு ஆற்றில் பொன்னுத்தாய் மனம் திருந்தி, ஓடத்தைத் திருப்பச் சொல்லி, கணவனின் காலில் விழுந்து கண்ணீரால் அதைக் கழுவினாள். முற்றும். மேலே மயிலம்மாளின் பெயர்.

அதை எழுதியது பத்திரிகை ஆசிரியர் ராசப்பன். மயிலம்மாள் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. என் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த பிரதிகளைக் கறையான் தின்றபோது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

1955 ஆடி மாதம். அச்சகத்துக்கு ஒரு அம்மாள் வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். மடிசார் கட்டு, கையில் துணியில் சுற்றிய ஒரு புத்தகம்.

"இங்கே பைண்டு பண்ணித் தருவேளோ?"

"தருவோம்மா. என்ன புஸ்தகம்?" என்றார் ஜெகபர் அலி.

"தொடர்கதை. வாரா வாரம் கிழிச்சுச் சேர்த்து அப்பவே தைச்சது. இப்போ தையல் விட்டுடுத்து. ஒரு பக்கம்கூடத் தவறப்படாது."

அவர் அதை ஜன்னல் பக்கம் நீட்டினார். "அம்மா, பக்கம் சரியா இருக்கான்னு பார்த்துக் கொடுங்க."

மயிலம்மாள் துணியைப் பிரித்தாள். பழுப்பேறிய முதல் பக்கத்தில் ஓடத்தின் படமும், அதன் கீழே அவள் பெயரும். பக்கங்களை எண்ணுவதுபோலப் புரட்டிக் கடைசிக்குப் போனாள். அந்தப் பக்கம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கசங்கியிருந்தது.

"இதைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கேட்க நினைத்தது அதுவல்ல.

"படிக்கறதாவது! எங்கே பிரிச்சாலும் சொல்லுவேன். இந்த அம்மா இப்போ இருக்காளோ இல்லையோ. இருந்தா ஒண்ணு கேட்கணும். இருபத்துமூணு அத்தியாயம் அவ்வளவு திடமா நின்னவளை ஏன் திருப்பி அனுப்பினேள்னு."

மயிலம்மாள் எழுந்துவிட்டாள். வழக்கம்போல வாசலுக்குப் போகப் போனவள், பாதியில் நின்றாள்.

"நான்தாங்க மயிலம்மாள்."

ஜெகபர் அலி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். வந்தவள் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு நம்பினாள். பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

அவள் பெயர் செங்கமலம். ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதி. பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. ஆபீசுக்குப் போகும்போது இவளை உள்ளே வைத்து வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். அடி, உதை எதுவும் கிடையாது. பூட்டு மட்டும்தான். நாலு வருஷம். ஒரு நாள் பூட்ட மறந்துபோனார். செங்கமலம் கட்டின புடவையோடு நடந்து, காவேரிப் பாலம் தாண்டி, உறையூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அக்கா ஆத்துல 'பொன்னிக் கதிர்' வரும். அங்கேதான் படிச்சேன். மிஷன் ஆஸ்பத்திரியிலே நர்சு வேலைக்குப் படிக்க எடுத்துக்கறான்னு அத்திம்பேர் விசாரிச்சு வெச்சிருந்தார். எனக்குத் தைரியம் வரலை. பொன்னுத்தாய் என்ன பண்றாள்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். சிரிக்காதேள். பத்தொன்பது வயசு. மூணு வாரம் சாதம் இறங்காமக் காத்துண்டிருந்தேன். அவள் திரும்பிப் போயிட்டாள். சரி, இவ்வளவு தெரிஞ்சவாளே இப்படி எழுதறான்னா அதுதான் நியாயம் போலிருக்குன்னு நானும் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பூட்டுதான். இன்னும் பன்னெண்டு வருஷம். நாப்பத்தெட்டிலே அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்துட்டார். பேச்சும் போயிடுத்து. இப்போ சாவி என்கிட்டதான் இருக்கு." குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் மயிலம்மாளை உலுக்கியது. "உங்க மேலே எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. ஏன்னு மட்டும் சொல்லுங்கோ."

"அதை நான் எழுதலைங்க."

"என்னது?"

"கடைசி அத்தியாயம் நான் எழுதினது இல்லை. பத்திரிகைக்காரர் எழுதி என் பேரைப் போட்டுட்டார்."

செங்கமலத்தின் முகம் மாறியது. அதுவரை இருந்த அமைதி ஒரு நொடியில் போய்விட்டது. "அப்போ யாரோ ஒருத்தர், பத்திரிகை விக்கறதுக்கு எழுதினதை நம்பியா நான் போனேன்?" என்றாள். மயிலம்மாள் வாயைத் திறப்பதற்குள் மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்துத் துணியில் சுற்றினாள். படியில் இறங்கியவள் திரும்பி நின்று, "நீங்க எழுதியிருந்தா அவள் எங்கே போயிருப்பாள்? அதையாவது சொல்லுங்கோ" என்றாள்.

மயிலம்மாள் படி வரை வந்து நின்றாள்.

செங்கமலம் போய்விட்டாள். ஜெகபர் அலி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "மூணு வருஷமா என் கடையில பால் சங்கத்து அறிக்கைக்குக் கால் புள்ளி போட்டுக்கிட்டு இருந்தீங்களேம்மா" என்றார்.

அதன் பிறகு மயிலம்மாளுக்குத் தூக்கம் குறைந்தது; நடை அதிகமாயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவாள். 'அவள் எங்கே போயிருப்பாள்?' என்ற கேள்வி கூடவே நடந்தது. பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் விசாரித்துக்கொண்டு அரியமங்கலத்துக்குப் போனாள்.

ராசப்பனுக்கு எழுபது நெருங்கியிருந்தது. பத்திரிகை யுத்த காலத்திலேயே நின்றுபோய், இப்போது லேத் பட்டறை வைத்திருந்த மகனோடு இருந்தார். பட்டறைச் சத்தத்திலேயே இருந்து காது மந்தம். இவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, உண்மையான சந்தோஷத்தோடு, "வாங்க வாங்க! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. "என் பேர்ல நீங்க எப்படி எழுதலாம்?" என்று கேட்டாள். பத்தொன்பது வருஷத்துக் கேள்வி. பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

ராசப்பன் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "நான் வேற என்னம்மா செய்வேன்? பதிமூணு நாள் ஆள் அனுப்பினேன். முதல் தடவை நாளைக்குன்னீங்க. ரெண்டாம் தடவை நாலு நாள்ன்னீங்க. அப்புறம் காய்ச்சல்ன்னீங்க. இருபத்துமூணோட நின்னா ஜனங்க என்னை உயிரோட விடுவாங்களா? அச்சுக் கோக்கிறவர் பக்கத்துல நின்னுக்கிட்டே ஒரு மணி நேரத்துல சொல்லச் சொல்லக் கோத்தோம். கால்ல விழ வெச்சா யாரும் திட்ட மாட்டாங்கன்னு விழ வெச்சேன். நீங்க எழுதிக் கொடுத்ததை நான் மாத்தலை. நீங்க எதுவுமே கொடுக்கலை."

லேத் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் நின்றபடியே இருந்தாள். அவர் சொன்னது எதுவும் அவளுக்குப் புதிதல்ல. எல்லாம் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. அந்தப் பதிமூன்று நாளும் தாளை எடுத்து வைத்து, 'ஓடம் அக்கரையை அடைந்தது' என்று எழுதி, அதற்கு மேல் போக முடியாமல் கிழித்துப் போட்டாள். வெள்ளைச்சாமியின் அண்ணன் தம்பிகள் முன்கட்டில் கூடி உட்கார்ந்து, குடும்பத்து மானத்தைப் பற்றிப் பேசியது கதவு வழியாகக் கேட்டது. வெள்ளைச்சாமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை; அன்று அவர் முகத்தைப் பார்க்க இவளுக்குத் தெம்பு இல்லை. ராசப்பனுடைய அத்தியாயம் அச்சில் வந்தபோது ஆத்திரத்துக்கு அடியில், ஒரு ஓரத்தில், தப்பித்தோம் என்று இருந்தது. அதைத்தான் இத்தனை வருஷம் மூடி மூடி வைத்தாள்.

"டீ சாப்பிட்டுப் போங்க" என்றார் ராசப்பன்.

அவள் நடந்தே தென்னூர் வந்து சேர்ந்தாள். காலில் கொப்புளம்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போனாள். டவுன் பஸ் காவேரிப் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்று இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தாள். கீழச் சித்திரை வீதியில் வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு மெலிந்த மனிதர், தலையணையில் சாய்ந்தபடி. செங்கமலம் அவருக்கு மோர் சாதத்தைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கோ" என்றாள், திரும்பாமலே.

மயிலம்மாள் எதையும் கூட்டிக் குறைக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னாள். கடைசி அத்தியாயம் என்று தான் எதையுமே எழுதிக் கொடுக்கவில்லை என்பதை, பயந்ததை, காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பியதை. செங்கமலம் கடைசிக் கவளத்தை ஊட்டி, அவர் வாயைத் துடைத்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"காய்ச்சல்னேளா?"

"ஆமாங்க."

"நான் அக்காகிட்டே தலைவலின்னேன். நர்சு வேலைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அன்னிக்கு." ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "உங்க மேலே இப்போதான் நிஜமா கோபம் வரது. ஆனா அன்னிக்கு வந்த கோபம் மாதிரி இல்லை. இப்போ எழுதினா என்ன?"

"என்கிட்ட கதையே இல்லைங்க. கறையான் தின்னுடுச்சு. முன்னாடி எழுதினதைப் படிக்காம எப்படி முடிக்கிறது?"

"புஸ்தகத்தை நான் வெளியிலே கொடுக்க மாட்டேன். இங்கே வந்து பார்த்து எழுதிக்கோங்கோ."

அப்படித்தான் 1956 முழுவதும் போயிற்று. அச்சகத்தில் காலை வேலை முடிந்ததும் மயிலம்மாள் பஸ் ஏறிவிடுவாள். செங்கமலம் படிப்பாள், இவள் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள். இருபத்தெட்டு வயதில் தான் எழுதிய வரிகளைப் பிறர் வாயால் கேட்பது சங்கடமாக இருந்தது. சில இடங்களில் வெட்கம் பிடுங்கித் தின்றது. சில இடங்களில், இதை நானா எழுதினேன் என்று பேனா நின்றது. ஒரு நாள் அத்தியாயத்தின் நடுவில் பால்காரர் குரல் கொடுக்க, செங்கமலம் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள். கட்டிலில் இருந்தவர் நல்ல கையால் சட்டத்தைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமோ என்று கேட்டாள். மறுபடி தட்டினார். அவள் புத்தகத்தை எடுத்ததும் தட்டல் நின்றது.

"கதை கேட்கறார்" என்றாள் செங்கமலம். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று மயிலம்மாளுக்குப் புரியவில்லை. "புரிஞ்சுதான் கேட்கறாரான்னு தெரியலை. புரிஞ்சா நன்னாத்தான் இருக்கும்."

நகல் எடுத்து முடிந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. முதலில் எழுதிய முடிவில் பொன்னுத்தாய் ஆற்றில் மூழ்கினாள். செங்கமலம் படித்துவிட்டு, "இதுக்கு அந்தப் பத்திரிகைக்காரர் எழுதினதே தேவலை" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததில் பொன்னுத்தாய் படித்து ஆசிரியை ஆகி, மேடையேறிப் பேசினாள். "பிரசங்கம்" என்றாள் செங்கமலம். அதற்கும் அடுத்ததில் ஒரு நல்ல மனிதர் வந்து அவளைக் காப்பாற்றினார். அதை மயிலம்மாளே காட்டாமல் கிழித்துவிட்டாள். 1957, 58, 59. எழுதுவாள், எழுந்து நடப்பாள், வந்து கிழிப்பாள். வீரமலை ஒரு நாள் பின்கட்டுக்கு வந்து, தரையில் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அண்ணி இந்த வயசுல? அன்னிக்கு அண்ணன் பட்ட தலைகுனிவு போதாதா?" என்றார்.

"உங்க அண்ணன் தலைகுனிஞ்சாரா? அவர் சொன்னாரா உங்ககிட்ட?"

வீரமலை முன்கட்டுக்குத் திரும்பிப் போனார். அண்ணன் சொன்னதில்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

முடிவு வந்தது 1960 ஐப்பசியில், பகல் வெயிலில். பிறந்த ஊரில் ஒரு காரியத்துக்குப் போய்விட்டு, மண்ணச்சநல்லூரில் பஸ்ஸுக்காக ஒரு அரிசி ஆலைக்கு எதிரே நின்றாள். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வானம் இருட்டிச் சட்டென்று பெரிய தூறல் விழுந்தது. அத்தனை பெண்களும் ஒரே கூச்சலோடு ஓடிவந்து நெல்லைக் குவிக்கத் தொடங்கினார்கள். புதிதாய் வேலைக்கு வந்தவள்போல ஒருத்தி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். "ஏய், இந்தப் பக்கம் தள்ளு புள்ளே!" என்று யாரோ அதட்டினார்கள். அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மயிலம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டாள். நனைந்துகொண்டே நின்று பார்த்தாள்.

மூன்று நாளில் எழுதி முடித்தாள். பொன்னுத்தாய் அக்கரைக்குப் போகிறாள். ஒரு ஆலையில் வேலை கேட்கிறாள். கணவன் வீட்டு ஆட்கள் வந்து கூப்பிடுகிறார்கள், வரவில்லை என்கிறாள், அவர்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள். மழை வருகிறது. நெல்லை அள்ள ஓடுகிறாள். அவ்வளவுதான் கதை.

ஜெகபர் அலி 1961-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். பிழை பார்க்க மயிலம்மாளை விடவில்லை. "உங்க கதையில உங்க கண்ணுக்குப் பிழை தெரியாதும்மா" என்று தானே பார்த்தார். முன்னுரையில் மயிலம்மாள் நடந்ததை எழுதினாள்: பத்திரிகையில் வந்த முடிவு தன்னுடையது அல்ல, ஆனால் அதற்குக் காரணம் தானே, எழுத வேண்டிய நேரத்தில் பயந்துபோய் எழுதாமல் இருந்துவிட்டேன், அந்த முடிவை நம்பி வாழ்க்கையைத் திருப்பிக்கொண்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். செங்கமலத்தின் பெயரையோ ஊரையோ போடவில்லை.

பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. மதிப்புரை இரண்டு வந்தன; ஒன்று, பழைய பாணிக் கதை என்றது. லால்குடியிலிருந்து ஒரு பெண்மணி, 'நானும் அப்போது புகுந்த வீட்டை விட்டு வந்தவள்தான், வாசித்தேன், ஆனால் திரும்பிப் போகவில்லை, அன்று வந்த முடிவு பிடிக்காமல் பத்திரிகையை அடுப்பில் போட்டேன்' என்று கார்டு எழுதியிருந்தாள். அந்தக் கார்டைப் படித்துவிட்டு மயிலம்மாள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடினாள்.

செங்கமலம் அதை இரண்டு தரம் படித்தாள். "கெட்டிக்காரி" என்றாள். "என்னைவிடக் கெட்டிக்காரி." கட்டிலில் இருந்தவருக்குப் புதிய அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாளா என்று மயிலம்மாள் கேட்டாள். "காட்டினேன். ஓடத்தைத் திருப்பலைன்னதும் கண்ணை மூடிண்டார். தூங்கிட்டாரோ என்னவோ" என்றாள். அடுத்த வருஷம் மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஒரு புத்தகம் வந்துவிட்டால் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று மயிலம்மாள் நினைத்திருந்தாள். நிற்கவில்லை. இருபத்தைந்து வருஷம் எழுதாமல் விட்டது எல்லாம் சேர்ந்து நெருக்கியது. ஐம்பத்துநாலு வயதில் அச்சகத்து வேலையை விட்டாள். கதைகள் எழுதினாள், பாதிக்கு மேல் திரும்பி வந்தன. வந்ததை மறுபடி வேறு பத்திரிகைக்கு அனுப்பினாள். 1964-இல் சென்னை வாரப் பத்திரிகை ஒன்று தொடர்கதை கேட்டது. வியாழக்கிழமை தோறும் அத்தியாயம் தபாலில் சேர வேண்டும். ஒத்துக்கொண்டு கார்டு போட்ட அன்று மத்தியானமே ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் செங்கமலத்திடம் சொன்னாள். பதினேழு வாரம், ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது.

செங்கமலம் செவ்வாய்க்கிழமைகளில் தென்னூருக்கு வர ஆரம்பித்தாள். தனியாக பஸ் ஏறி, சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, கடைவீதி எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வருவாள். வந்ததும் அந்த வார அத்தியாயத்தை வாங்கிப் படிப்பாள். படித்துவிட்டுச் சண்டை போடுவாள். வீரமலையின் மனைவிகூட முதலில் பயந்துபோய், பிறகு காபி போட்டு வைத்துவிட்டு, கதவோரத்தில் நின்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

பதினாறாம் வாரம். செங்கமலம் கடைசித் தாளைக் கீழே வைத்தாள். "இந்தப் பொண்ணு ஆத்தை விட்டு இறங்கற இடத்திலே அவளுக்குப் பயமே இல்லையே. பயம் இல்லாம யாராவது வாசப்படி தாண்டுவாளோ? நான் அன்னிக்கு உறையூர் போற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துண்டே போனேன்."

"எல்லாரும் உங்களை மாதிரியாங்க இருப்பாங்க?"

"எல்லாரும் உங்களை மாதிரி காய்ச்சல்னு படுத்துப்பாளோ?"

மயிலம்மாளுக்குச் சுருக்கென்றது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். புத்தூர் வரை நடந்தாள். கோபத்தில் நடந்தாள், பாதி வழியில் கோபம் போய், அந்தப் பெண் வாசற்படியில் எந்தக் காலை முதலில் வைப்பாள், எங்கே திரும்பிப் பார்ப்பாள் என்று யோசனை வந்துவிட்டது. திரும்பும்போது கிட்டத்தட்ட ஓடிவந்தாள். செங்கமலம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் மயிலம்மாள், கடைசி நாலு தாளையும் கிழித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்துக்கொண்டே. "முதல்ல எந்த இடத்துல திரும்பிப் பார்த்தீங்க?"